வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலையும் லாக் நூலகங்கள்

மென்பொருள் துறையில் நெடுங்காலமாக வழங்கிவரும் அறிவுரை ஒன்று உண்டு: ப்ரொடக்‌ஷன் சர்வர்களில் ஓடும் நிரலின் லாக் வரிகளில் வரி எண்ணைச் சேர்க்கக் கூடாது, அது வேகத்தைக் கெடுக்கும். நூலகங்களின் கையேடுகளில் இது எச்சரிக்கையாக இடம்பெறுகிறது. பணியிடங்களில் விதியாகிறது. கல்லூரி ஆய்வகத்துக்கு வரும்போது கேள்விக்கு அப்பாற்பட்ட உண்மையாக மாறிவிடுகிறது. அறிவுரை பொய்யன்று, பல நூலகங்களில் வரி எண்ணைக் கேட்டால் நிரலின் வேகம் குறையத்தான் செய்கிறது. ஆனால் அறிவுரை வழங்குவோர் யாரும் அதற்கு முந்தைய கேள்வியைக் கேட்பதில்லை. ஒரு கோப்பின் 214ஆம் வரியில் எழுதப்பட்ட கட்டளை 214ஆம் வரியில்தான் இருக்கிறது என்று சொல்வதற்கு எதற்காகச் செலவாக வேண்டும்?

லாக் செயற்கூற்றை எந்தக் கோப்பு, எந்த வகுப்பு, எந்தச் செயற்கூறு, எந்த வரி அழைத்தது என்ற விவரத்தைச் சுருக்கமாக அழைப்பிடம் எனலாம். நிரலர் அந்தக் கட்டளையைத் தட்டச்சு செய்து கோப்பைச் சேமித்த கணத்திலேயே அழைப்பிடம் முடிவாகிவிடுகிறது. கம்பைலர் அக்கோப்பைப் படிக்கும்போது அதை அறிந்திருக்கிறது. நிரல் கோடி முறை ஓடினாலும் அது மாறுவதில்லை. இப்படி முன்னரே தெரிந்த, மாறாத ஒரு செய்தியை, ஒவ்வொரு லாக் வரிக்கும் புதிதாகத் தேடிக் கண்டுபிடிக்கும்படி நூலகங்களை வடிவமைத்தது முதல் பிழை. தேடலுக்குச் செலவாகிறது என்று கூறி அழைப்பிடத்தையே கைவிடச் சொல்வது இரண்டாவது பிழை. முதற்பிழையைத் திருத்துவதற்குப் பதிலாக இரண்டாவதை நற்பழக்கமாகப் போதிப்பது மூன்றாவது. கல்வித்துறை பொறுப்பேற்க வேண்டியது இந்த மூன்றாவதற்கு.

தேடல் எவ்வாறு நடக்கிறது என்பதை முதலில் பார்க்கலாம். ஒரு செயற்கூறு இன்னொன்றை அழைக்கும்போதெல்லாம், திரும்பிவர வேண்டிய இடமும் உள்மாறிகளும் அடங்கிய ஒரு சட்டகம் அழைப்பு அடுக்கின் மேல் ஏறுகிறது. லாக் நூலகம் தன்னை அழைத்தவர் யாரென்று அறிய விரும்பினால் அடுக்கின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி இறங்க வேண்டும். முதலில் வருபவை நூலகத்தின் சொந்தச் சட்டகங்கள். அவற்றை ஒவ்வொன்றாகக் கடந்து, நூலகத்துக்கு அந்நியமான முதற்சட்டகத்தை அடைய வேண்டும். பிறகு அச்சட்டகத்தின் கட்டளை முகவரியை அட்டவணையில் தேடிக் கோப்பின் பெயராகவும் வரி எண்ணாகவும் மாற்ற வேண்டும். மேலும், ஜாவா போன்ற சூழல்களில் இயக்க நேரக் கம்பைலர் பல செயற்கூறுகளை ஒன்றுக்குள் ஒன்றாகக் கரைத்திருக்கும். அங்கே உண்மையில் இல்லாத சட்டகங்களைத் துணைத் தரவுகளிலிருந்து மீட்டுக் கட்டவும் வேண்டியிருக்கும். ஒரு சொல் எழுதுவதற்கு இத்தனை சுற்று.

இந்தச் சுற்றின் வரலாற்றை ஜாவாவின் லாக்4ஜே நூலகத்தைப் போலத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை. அதன் முதல் தலைமுறையில் அழைப்பிடம் கேட்கப்பட்டால் நூலகம் ஒரு விதிவிலக்குப் பொருளை உருவாக்கும். பிழை ஏதும் நேர்ந்திராது. அடுக்கின் படம் ஒன்று கிடைக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே அந்தப் பொருள். பிறகு அதன் அடுக்குத் தடத்தை முழுவதும் எழுத்துச் சரமாக அச்சிட்டு, அந்தச் சரத்துக்குள் தன் வகுப்பின் பெயர் கடைசியாக எங்கே வருகிறது என்று தேடி, அதற்கடுத்த வரியைப் பிய்த்தெடுக்கும். மனிதர் படிப்பதற்கென அச்சிடப்படும் உரையை இயந்திரம் மீண்டும் படித்துப் பொருள்கொண்டது. அச்சு வடிவம் சூழலுக்குச் சூழல் வேறுபட்டதால், ஐபிஎம்மின் விஷுவல்ஏஜ் சூழலுக்கெனத் தனிச் சரிபார்ப்பும் அந்நிரலில் இருந்தது. வகுப்பு, கோப்பு, வரி ஆகியவற்றைக் கேட்கும் வடிவக் குறிகளுக்கருகே, இவை மெதுவானவை, வேகம் பொருட்டல்லாதபோது மட்டும் பயன்படுத்துக என்று கையேடு எச்சரித்தது. இன்று சுற்றிவரும் அறிவுரைக்கு இத்தகைய எச்சரிக்கைகளே ஊற்று.

2002இல் வந்த ஜாவா 1.4, அடுக்குத் தடத்தை உரையாக அல்லாமல் பொருள்களின் வரிசையாகப் பெற வழிசெய்தது. 2017இல் ஜாவா 9, ஸ்டாக்வாக்கர் என்னும் வசதியைத் தந்தது. அதன்பின் முழு அடுக்கையும் படம்பிடிக்காமல், தேவையான சட்டகம் கிடைக்கும்வரை மட்டும் இறங்கினால் போதும் என்றாயிற்று. இரண்டும் மெய்யான முன்னேற்றங்கள். ஆயினும் இரண்டும் தேடலை விரைவாக்கின; தேடல் தேவையா என்ற கேள்வியைத் தொடவில்லை. ஜாவாவின் கம்பைலர் இயல்பாகவே கோப்பின் பெயரையும் வரி எண் அட்டவணையையும் ஒவ்வொரு வகுப்புக் கோப்பிலும் எழுதிவைக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் விந்தை புலப்படும். எல்லா விவரமும் வட்டில் இருக்கிறது, கம்பைலர் கையால் எழுதப்பட்டும் இருக்கிறது. அழைக்கும் இடத்திலிருந்து அதை லாக் செயற்கூற்றுக்கு ஓர் அளவுருவாகக் கைமாற்றிக் கொடுக்கும் வழிதான் மொழியில் இல்லை.

இனி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் எண்களுக்கு வரலாம். லாக்4ஜே இரண்டாம் தலைமுறையின் கையேடு இரு வீச்சுகளைத் தருகிறது. ஒத்திசைவு முறையில் அழைப்பிடத்தைச் சேர்த்தால் 1.3 முதல் 5 மடங்கு வரை மெதுவாகும். ஒத்திசையா முறையில் 30 முதல் 100 மடங்கு வரை மெதுவாகும். கருத்தரங்குகளில் இரண்டாம் வீச்சு மட்டும் திரையில் பெரிதாகத் தோன்றும். அழைப்பிடம் நூறு மடங்கு கேடு என்ற முடிவோடு அவை கலையும். எண்ணில் பிழையில்லை, அதைப் படிக்கும் முறையில்தான் பிழை.

ஒரு கற்பனைக் கணக்கு போதும். அடுக்கில் இறங்கித் தேடுவதற்கு 4 மைக்ரோநொடி ஆகிறது என்று கொள்க. ஒத்திசைவு முறையில் வரியை வடிவமைத்து எழுதி முடிக்கவே 4 மைக்ரோநொடி ஆகும் என்றால், அழைப்பிடம் சேர்ந்ததும் மொத்தம் 8. அதாவது 2 மடங்கு. ஒத்திசையா முறையில் அழைக்கும் இழை செய்வது செய்தியை ஒரு வரிசையில் போட்டுவிட்டு நகர்வது மட்டுமே, அதற்கு 0.1 மைக்ரோநொடி எனலாம். அதே 4 மைக்ரோநொடித் தேடலைச் சேர்த்தால் மொத்தம் 4.1, அதாவது 41 மடங்கு. தேடலின் விலை இரண்டு இடத்திலும் ஒன்றே. மாறியது வகுக்கும் எண். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் மடங்குகளை மட்டும் அறிவிக்கும் அளவீடு அச்சமூட்டப் பயன்படலாம், முடிவெடுக்கப் பயன்படாது. எத்தனை நானோநொடி, எத்தனை சட்டக ஆழத்தில், எந்த முறையில் என்று கூறாத எந்த ஒப்பீட்டையும் ஆய்வேடுகளில் ஏற்கக் கூடாது.

ஒத்திசையா முறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது மடங்குக் கணக்கைவிட அடிப்படையானது. அழைப்பு அடுக்கு இழைக்குரியது. செய்தி பின்னணி இழைக்குக் கைமாறிய பிறகு, அந்த இழையின் அடுக்கில் அழைத்தவரின் தடயம் எதுவும் இராது. ஆகவே நூலகம் அழைப்பிடத்தைக் கைமாற்றத்துக்கு முன்பே எடுத்தாக வேண்டும். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் கதை. அழைக்கும் இழையை உடனே விடுவிப்பதற்காகவே ஒத்திசையா முறை உருவாக்கப்பட்டது. அந்த இழையின் மீதே தேடற்சுமையும் விழுகிறது. இதனால்தான் லாக்4ஜே 2இன் ஒத்திசையா லாகர்கள் இயல்பு நிலையில் அழைப்பிடத்தைச் சேர்ப்பதில்லை. லாக்பேக் நூலகத்தின் ஒத்திசையா முறையும் அவ்வாறே. நூலக ஆசிரியர்கள் தங்களுக்கு வாய்த்த மொழிக்குள் நேர்மையான முடிவையே எடுத்தார்கள். குறை அந்த மொழி அவர்களுக்குக் கொடுக்க மறுத்ததில் இருக்கிறது.

பைத்தான் மொழியின் நிலையான லாக் நூலகத்தில் நிலைமை வேறு விதமானது. ஒரு வகையில் இன்னும் மோசமானது. அங்கே ஒரு வரி பதிவாகும் தரநிலையைக் கடந்துவிட்டால் நூலகம் அழைப்பிடத்தை உடனே தேடத் தொடங்குகிறது. வெளியீட்டு வடிவத்தில் வரி எண் கேட்கப்பட்டதா என்று அது பார்ப்பதில்லை. இயல்பான வடிவங்கள் பலவற்றில் அது கேட்கப்படுவதுமில்லை. தேடிக் கண்டுபிடித்த விவரம் ஒருவராலும் படிக்கப்படாமலே கைவிடப்படுகிறது. இதைத் தவிர்க்க விரும்புவோர் நூலகத்தின் உட்புற மாறி ஒன்றை வெறுமையாக்கலாம் என்று அதிகாரபூர்வ ஆவணமே வழி சொல்கிறது. கேட்காத பண்டத்துக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு, கட்ட விரும்பாதவர் கொல்லைப்புறக் கதவால் வெளியேறலாம் என்று அறிவிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

இயக்க நேரத் தேடலின் தீங்கு வேகத்தோடு முடிவதில்லை. அது தவறான விடையும் தரும். பெரிய திட்டங்களில் லாக் நூலகத்தை நேரடியாக அழைப்பது குறைவு. சொந்தமாக ஒரு மேலுறைச் செயற்கூற்றை எழுதி அதன் வழியாகவே அழைப்பார்கள். நூலகத்தின் கண்ணில் அந்நியமான முதற்சட்டகம் அந்த மேலுறையே. விளைவு, ஆயிரக்கணக்கான லாக் வரிகள் அனைத்தும் மேலுறைக் கோப்பின் ஒரே வரியைச் சுட்டிக்கொண்டு நிற்கும். இதைச் சரிசெய்ய ஜாவா நூலகங்கள் மேலுறை வகுப்பின் முழுப்பெயரைக் கேட்கின்றன. பைத்தான் 3.8இல் எத்தனை சட்டகம் தாண்ட வேண்டும் என்று சொல்லும் அளவுரு சேர்க்கப்பட்டது. இடையில் ஒரு செயற்கூறு புதிதாக நுழைந்தால் அந்த எண்ணிக்கை பொய்த்துவிடும். பொய்த்தது யாருக்கும் தெரியவும் தெரியாது. விலை கொடுத்து வாங்கிய விடையும் நம்பத்தக்கதன்று என்றால், அந்த வழியை மேலும் விரைவாக்குவதில் என்ன பயன்?

மாற்றுவழி புதிதன்று. சி மொழியில் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் தரும் முன்வரையறுத்த மேக்ரோக்கள் 1989ஆம் ஆண்டுத் தரநிலையிலேயே உள்ளன. கம்பைல் ஆகும்போதே அவை மாறிலிகளாகிவிடுகின்றன; ஓடும்போது தேடல் என்ற பேச்சே இல்லை. மேக்ரோவை விரும்பாத மொழிகளும் பிற்காலத்தில் வழி கண்டன. 2012இல் சி ஷார்ப் 5, அளவுருவின் மேல் ஒரு பண்புக்குறியை வைத்தால் அழைத்தவரின் கோப்பு, வரி, உறுப்பின் பெயர் ஆகியவற்றைக் கம்பைலரே நிரப்பும்படி செய்தது. ஸ்விஃப்ட் மொழியில் இயல்பு அளவுருவாக வைக்கப்படும் வரிக்குறி அழைப்பவரின் இடத்தில் மதிப்பிடப்படுகிறது. சி++20 தரநிலை இதற்கெனத் தனி நூலக வகை ஒன்றைச் சேர்த்தது. 2020இல் வெளியான ரஸ்ட் 1.46 இன்னும் ஒரு படி முன்னேறியது. செயற்கூற்றின் மேல் ஒரு குறியிட்டால் அழைத்தவரின் இடம் மறைமுக அளவுருவாக உள்ளே வரும். மேலுறைகளிலும் அதே குறியை இட்டால் உண்மையான அழைப்பாளர்வரை தொடர் அறுபடாது. மேலே கண்ட மேலுறைச் சிக்கல் அங்கே அடுக்கில் இறங்காமலே தீர்கிறது.

வழியின் ஆற்றலைக் காட்ட இரு சான்றுகள் போதும். லினக்ஸ் கருவில் டைனமிக் டீபக் என்னும் ஏற்பாடு, ஒவ்வொரு பிழைநீக்க வரிக்கும் உரிய மாட்யூல், செயற்கூறு, கோப்பு, வரி எண் ஆகியவற்றைக் கம்பைல் ஆகும்போதே தனிப்பகுதி ஒன்றில் எழுதிவைக்கிறது. நிர்வாகி ஓடும் கருவிலேயே குறிப்பிட்ட கோப்பின் குறிப்பிட்ட வரியை மட்டும் இயக்கலாம், அணைக்கலாம். அங்கே அழைப்பிடம் ஒரு சுமையாக இல்லை. கட்டுப்பாட்டுக்கான முகவரியாக மாறியிருக்கிறது. இரண்டாவது, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் யாங், சியோ ஜின் பார்க், ஜான் ஓஸ்டர்ஹவுட் ஆகியோர் 2018இல் யூஸ்னிக்ஸ் மாநாட்டில் வெளியிட்ட நானோலாக். மாறாத பகுதிகளைக் கம்பைல் நேரத்திலேயே பிரித்தெடுத்துவிட்டு, ஓடும்போது மாறும் மதிப்புகளை மட்டும் எழுதி, படிக்கத்தக்க வடிவமாக்குவதைப் பிற்பாடு செய்யும் முறை அது. ஓர் அழைப்புக்குச் சிறு சோதனைகளில் 8 நானோநொடியும் முழுமையான செயலிகளில் 18 நானோநொடியும் ஆனதாக அவர்கள் அறிவித்தார்கள். மாறாததை ஓடும்போது கையாளாதே என்பதே அந்த ஆய்வின் சாரம். மாறாதவற்றுள் தலையாயது அழைப்பிடம்.

இடைவழியும் உண்டு. 2023இல் கோ 1.21இல் வந்த லாக் தொகுதி, பதிவின்போது கட்டளை முகவரி ஒன்றை மட்டும் எடுத்துவைக்கிறது. அதைக் கோப்பாகவும் வரியாகவும் பெயர்ப்பது கேட்கப்பட்டால்தான் நடக்கும். இங்கும் அடுக்கைத் தொடும் செலவு முற்றாக நீங்கவில்லை என்றாலும், எது இப்போது தேவை, எது பிறகு போதும் என்ற பகுப்பாவது இருக்கிறது.

எதிர்வாதங்களுள் வலுவானதை முதலில் எடுக்கலாம். நல்ல செய்தியை எழுதினால் அழைப்பிடம் தேவையில்லை. அந்தச் சொற்றொடரை மூலநிரலில் தேடினால் இடம் தானே கிடைக்கும் என்பர். ஒற்றை நிரலரின் சிறிய திட்டத்தில் இது உண்மை. பெரிய அமைப்பில், "இணைப்பு துண்டிக்கப்பட்டது, மீண்டும் முயல்கிறது" என்ற செய்தி ஐந்து கோப்புகளில் இருக்கும். சில செய்திகள் மாறிகளைக் கோத்து உருவாகுபவை. அவற்றைத் தேடுவதற்கு நிலையான சொற்றொடரே கிடைக்காது. சில செய்திகள் பிறர் எழுதிய நூலகத்திலிருந்து வருபவை. டிங் யுவான், சோயோன் பார்க், யுவான்யுவான் ஜோ ஆகியோர் 2012இல் அப்பாச்சி வெப் சர்வர், ஓபன்எஸ்எஸ்எச், போஸ்ட்கிரெஸ், ஸ்க்விட் ஆகிய நான்கு திறமூலத் திட்டங்களை ஆராய்ந்து, சராசரியாக 30 வரிக்கு ஒரு வரி லாக் தொடர்பானது என்று கண்டார்கள். இந்த அடர்த்தியில் ஒவ்வொரு செய்தியும் தனித்தன்மையோடு இருக்கும் என்று எதிர்பார்ப்பது நிரலரிடம் கம்பைலரின் வேலையைச் சுமத்துவதாகும். மனிதர் தளர்ந்தால் தவறும் ஒன்றை, இயந்திரம் ஒருபோதும் தவறாமல் செய்யும் நிலையில், மனிதரிடம் கேட்பது முறையா?

இரண்டாவது எதிர்வாதம், மைக்ரோநொடிக் கணக்கெல்லாம் வீண், வன்பொருள் மலிவு என்பது. கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சேவை நொடிக்கு 20,000 லாக் வரிகள் எழுதுகிறது, தேடலுக்கு வரிக்கு 5 மைக்ரோநொடி என்று கொள்க. நொடிக்கு 0.1 நொடி, அதாவது ஒரு செயலிக்கருவின் பத்தில் ஒரு பங்கு, தெரிந்ததைத் தேடுவதில் கழிகிறது. இந்த இழப்பைத் தாங்கலாம் என்று ஒருவர் சொல்லக்கூடும். அவ்வாறு சொல்பவர் நேர்மையாக இருந்தால் அழைப்பிடத்தை எப்போதும் இயக்கிவைக்க வேண்டும். நடைமுறையில் நடப்பதோ வேறு. செலவு தெரிந்தவுடன் அழைப்பிடம் அணைக்கப்படுகிறது. அதுவும் நெருக்கடி மிகுந்த, சுமை கூடிய சர்வர்களில்தான் முதலில் அணைக்கப்படுகிறது. பிழை அதிகம் வெளிப்படுவதும் அங்கேதான். நிரலரின் மடிக்கணினியில் அழைப்பிடம் தெரியும், தேவையான இடத்தில் தெரியாது. மலிவு வாதம் இந்த உண்மையைக் காண மறுக்கிறது.

மூன்றாவது, கம்பைல் நேர வழிக்கும் விலை உண்டு என்பது. இது ஒப்புக்கொள்ளத் தக்கது. கோப்புகளின் பெயர்கள் இருநிலைக் கோப்பில் இடம் பிடிக்கும். உருவாக்கிய கணினியின் முழுப் பாதையும் பொதிந்துவிட்டால், நிரலரின் அடைவுப் பெயர்கள் வெளியே கசியும். ஒரே மூலநிரலிலிருந்து இருவேறு கணினிகளில் ஒரே விளைவைப் பெறுவதும் தடைப்படும். ஜிசிசி 8இல் பாதை முன்னொட்டை மாற்றும் தெரிவுகள் சேர்ந்தது இதன் பொருட்டே. தவிர, எந்தப் பதிப்பின் வரி எண் என்று தெரியாவிட்டால் 214 என்ற எண் பழைய வீட்டு முகவரியைப் போன்றது. பதிப்பின் அடையாளமும் லாகில் இருந்தாக வேண்டும். ஆனால் இவையெல்லாம் உருவாக்கத்தின்போது ஒருமுறை செலுத்தித் தீர்க்கத்தக்க விலைகள். ஒவ்வொரு வரிக்கும், ஒவ்வொரு நொடியும், எல்லாச் சர்வர்களிலும் செலுத்தும் வரியோடு அவற்றை ஒப்பிட முடியாது.

ஜாவா மொழி மாறும்வரை காத்திருப்பதா என்று கேட்கப்படலாம். காத்திருக்கவும் தேவையில்லை. லாக்4ஜே திட்டமே வழங்கும் டிரான்ஸ்ஃபார்ம் என்னும் கருவி, உருவாக்கத்தின்போது பைட்கோடைத் திருத்தி, ஒவ்வொரு லாக் அழைப்புக்கும் அதன் இடத்தை முன்கூட்டியே பொருத்திவிடுகிறது. ஓடும்போது தேடல் இல்லை, ஒத்திசையா முறைக்கும் இழப்பில்லை. வகுப்புக் கோப்பில் இருந்த வரி எண் அட்டவணைதான் இதற்கு மூலம். கையில் வெண்ணெய் இருந்தது என்பதை நூலக ஆசிரியர்களே செய்து காட்டிவிட்டார்கள். அதன் பிறகும் அழைப்பிடத்தை அணைத்துவிடு என்ற பழைய அறிவுரையை மட்டும் மாணவருக்குக் கடத்துவது சோம்பல்.

இந்திய நிலையில் இதை வெறும் வேகக் கணக்காக ஒதுக்கிவிட இயலாது. செர்ட்-இன் எனப்படும் இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின்கீழ் 28 ஏப்ரல் 2022 அன்று பிறப்பித்த வழிகாட்டல்கள், தங்கள் கணினி அமைப்புகளின் லாகுகளை 180 நாள்கள் இந்திய எல்லைக்குள் பாதுகாக்க வேண்டும் என்று கட்டளையிடுகின்றன. குறிப்பிட்ட பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் வேண்டும். வரி எண் வேண்டும் என்று அந்த ஆணை கேட்கவில்லை. ஆனால் அது லாகைச் சான்றாக மாற்றிவிட்டது. 6 மணி நேரக் கெடுவுக்குள், ஒரு லாக் வரி நிரலின் எந்தப் பாதையிலிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருக்கும் பொறியாளருக்கு, அழைப்பிடத்தை அணைத்து மிச்சப்படுத்திய மைக்ரோநொடிகள் ஆறுதல் தருமா? பிறந்த இடம் சொல்லத் தெரியாத வரிகளை 180 நாள் காத்துவைப்பது சட்டத்தின் சொல்லை நிறைவேற்றலாம். அதன் நோக்கத்துக்கு அரைகுறையாகவே உதவும்.

இவ்விடத்தில் கல்வித்துறையின் பங்கைப் பேசியாக வேண்டும். கம்பைலர் வடிவமைப்பு ஒரு தாள், இயக்க முறைமை ஒரு தாள், மென்பொருள் பொறியியல் இன்னொரு தாள் என்று பாடங்கள் பிரிந்திருக்கின்றன. லாக் என்பது இம்மூன்றின் சந்தியில் நிற்பதால் எந்தத் தாளுக்கும் சொந்தமில்லாமல் போகிறது. சட்டகம் பற்றி ஒரு பருவத்திலும், மாறிலியைக் கம்பைல் நேரத்தில் மடிப்பது பற்றி இன்னொரு பருவத்திலும் படித்த மாணவர், இரண்டையும் இணைத்து, இந்த நூலகம் ஏன் மாறிலியைத் தேடுகிறது என்று கேட்பதற்கான வாய்ப்பே அமைவதில்லை. வேலைக்குச் சென்றதும் அவர் கையில் கிடைப்பது தயாரான விதி. விதியின் பின்னுள்ள காரணத்தைக் கேட்கும் பழக்கத்தை உருவாக்காத பட்டம், தட்டச்சுப் பயிற்சிச் சான்றிதழிலிருந்து எவ்வளவு தூரம் உயர்ந்தது?

செய்ய வேண்டியவை எளியவை. லாக் நூலகம் எழுதுவோர், வெளியீட்டு வடிவம் கேட்காதபோது அழைப்பிடத்தைத் தேடக் கூடாது. மொழியை வடிவமைப்போர், அழைப்பவரின் இடத்தைக் கம்பைலரே நிரப்பும் அளவுருவை அடிப்படை வசதியாகக் கருத வேண்டும். சி ஷார்ப், ஸ்விஃப்ட், ரஸ்ட் ஆகியவை அது இயலும் என்று நிறுவிவிட்டன. அளவீடு வெளியிடுவோர் மடங்குகளோடு நிற்காமல், நானோநொடியையும் சட்டக ஆழத்தையும் லாக் முறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே அளவீட்டைப் பத்துச் சட்டக ஆழத்திலும் நூறு சட்டக ஆழத்திலும் செய்து காட்ட வேண்டும். கட்டமைப்புச் சட்டங்களின் மேல் எழுந்த வணிகச் செயலிகளில் நூறு என்பது அரிய ஆழமன்று.

ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு ஆய்வகப் பயிற்சி போதும். ஒரே சிறு நிரலை மூன்று விதமாக எழுதச் சொல்லலாம்: அழைப்பிடம் இல்லாமல், இயக்க நேரத் தேடலோடு, கம்பைல் நேர மாறிலியோடு. மூன்றையும் அளந்து, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம். இதற்குத் தனி நிதியோ, பெரிய கணினிக் கூடமோ வேண்டியதில்லை. ஒரு பிற்பகல் போதும். அந்த ஒரு பக்கத்தை எழுதிய மாணவர், பிற்காலத்தில் வரி எண்ணை அணைக்கச் சொல்லும் விதியைப் பணியிடத்தில் எதிர்கொள்ளும்போது தலையாட்டமாட்டார். எந்த மொழி, எந்த நூலகம், எத்தனை நானோநொடி என்று கேட்பார். உருவாக்கத்தின்போதே இடத்தைப் பதிக்கும் வழி இருக்கிறதா என்று தேடுவார். தேடத் தகுந்தது அதுவே.